மனுசருக்கே வழியில்ல, பூனைக்கு வைத்தியமா?

எங்க லயத்துல ஒரு பூனைக்கு உடம்பு சரியில்லைன்னு யாராவது வாயைத் திறந்தா, அடுத்த நிமிசம் வர்ற பதில் இதுதான். பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கேட்டிருக்கிறேன். கம்பஸ் ஹொஸ்டலில், நல்லா வாசிக்கிற நண்பிகளிடமும் கேட்டிருக்கிறேன். "மனுசருக்கே வழியில்ல." இந்த வசனத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கு.

முதல்ல நடந்ததைச் சொல்றேன். எங்க வீட்டுப் பூனைக்குப் பேர் சின்னவ. வளர்த்தது அம்மாயி. ஒருநாள் சின்னவ சோறு தொடாம அடுப்பு ஓரத்தில் சுருண்டு கிடந்துச்சு. உடம்பு சுட்டது. அம்மாயி பாதிப் பரசிட்டமோல் குளிசையை நசுக்கி, தண்ணியில கரைச்சு ஊட்டிவிட்டுச்சு. எனக்குக் காய்ச்சல் வந்தா செய்யிற அதே வேலை, அதே பாசம். பொழுது சாயும்போது சின்னவளோட மூஞ்சி வீங்கிருச்சு. ஈறு மண்ணிறமா மாறிப்போச்சு. விடியிறதுக்கு முந்தி மூச்சு நின்னுருச்சு.

பூனையின் ஈரலால் பரசிட்டமோலை நம்ம உடம்பு மாதிரி உடைத்து வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தைக் கெடுத்து, ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஒரு பூனையைக் கொல்ல பாதிக் குளிசையே போதும். இதை நான் வாசித்துத் தெரிந்துகொண்டது சின்னவளைத் தேயிலைக்கடியில் புதைச்ச பிறகுதான். அம்மாயிகிட்ட இன்னும் சொல்லல.

இப்ப யோசிங்க. சின்னவ செத்தது காசு இல்லாததாலயா? அந்தக் குளிசையைக் கொடுக்காம இருக்க ஒரு சதமும் செலவில்லை. எங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். "வழியில்ல"ன்னு சொல்லிச் சொல்லியே, காசே தேவைப்படாத விசயங்களையும் நாம தெரிஞ்சுக்காம விட்டுட்டோம்.

தெரிஞ்சுக்கலாம்னு தேடினா, பூனை வளர்ப்புக் குறிப்புகள் எல்லாம் வேற வீடுகளுக்கு எழுதினது. பூனைக்குத் தனி அறை கொடுங்கள், நகம் கீற ஒரு கம்பம் வாங்குங்கள், டின் உணவு கொடுங்கள் என்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில ஆறு பேர் படுக்கிற வீட்ல தனி அறையை எங்க போய்த் தேடுறது? அதனால லயத்துக்குப் பொருந்துற மாதிரி நானே சொல்றேன்.

பூனை மாமிசம் தின்கிற பிராணி. வெறும் சோறும் குழம்பும் போட்டா வயிறு நிறையும், ஆனா அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டோரின் என்ற சத்து சோத்துல இல்ல. மீன் தலை, கோழி ஈரல், ஊறவச்சு உப்பெடுத்து அவிச்ச நெத்தலி, இதுல ஏதாவது கொஞ்சம் சோத்தோட சேரணும். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு பூனையின் இரத்தத்துக்கு ஆகாது. பால் பூனைக்கு உயிர்னு நினைக்கிறோம். ஆனா வளர்ந்த பூனைகள் பலதுக்குப் பால் செரிக்காது, வயித்தால போகும். ஒரு சிரட்டையில சுத்தமான தண்ணி வைங்க, அது போதும்.

பண்டாரவளை, அப்புத்தளைக் குளிருல பூனை அடுப்புச் சாம்பலுக்குள்ளே போய்ப் படுக்கும். ஒரு பெட்டியில பழைய சாக்கை விரிச்சு, நிலத்திலிருந்து கொஞ்சம் உசத்தி வச்சா அதுல படுத்துக்கும். ஒண்ணுக்குப் போக, வெட்டின கேன்ல மண் போட்டு ஸ்தோப்பு மூலையில வைங்க. தினமும் அள்ளிக் கொட்டணும். கர்ப்பிணி இருக்கிற வீட்ல அந்த வேலையை வேற ஆள் பார்க்கணும். மலையில மருந்தடிச்ச நாள்ல பூனை வெளியில போய் வந்தா, ஈரத்துணியால காலைத் துடைச்சு விடுங்க. அது பாதத்தை நக்கும்போது மருந்தும் உள்ளே போகும். நாய்க்குப் போடுற உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீங்க. அதுல சிலது பூனைக்கு விசம். கடுவன் பூனை முக்கி முக்கியும் ஒண்ணுக்கு வரலைன்னா, நாளைக்குப் பார்ப்போம்னு விடாதீங்க. அடைப்பு இருந்தா ஓரிரு நாள்லயே செத்துப்போகும்.

இதுல எதுக்குப் பெரிய காசு வேணும்?

"சோறு போட்டா எலி பிடிக்காது"ன்னு ஒரு கதையும் இருக்கு. அதுவும் தப்பு. வயிறு நிறைஞ்ச பூனையும் வேட்டையாடும், அது அதன் குணம். பட்டினி போட்ட பூனைதான் மெலிஞ்சு, புழு வச்சு, பக்கத்துக் காம்பராவில கருவாடு திருடி அடி வாங்கும். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 வருசத்துக்கு முந்தின குழி ஒன்றில் மனிதரோடு ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தானியம் சேர்த்து வச்ச காலத்திலேயே எலியைத் தேடி வந்து நம்மகூட ஒட்டிக்கிட்ட பிராணி இது. லயத்துல அரிசி மூட்டையையும் பிள்ளைகளோட கொப்பியையும் காக்கிறது அதுதான். எலிக்காய்ச்சலைச் சுமக்கிற எலியை விரட்டுறதும் அதுதான். ராத்திரி வேலை பார்க்குது, பேர் மட்டும் போடுறதில்ல.

சரி, காசு வேண்டிய விசயத்துக்கும் வர்றேன். அதை மறைக்க மாட்டேன். ஒரு பொட்டைப் பூனை நாலு, அஞ்சு மாசத்துலயே சினைப்படலாம். ஒன்பது வாரத்துல குட்டி போடும். ஒரு ஈத்துல நாலு குட்டின்னா, வருசத்துக்கு ரெண்டு, மூணு ஈத்து. அதை வளர்க்க முடியாம, கண் திறக்காத குட்டிகளைச் சாக்குல கட்டி ஆத்துலயோ காட்டுலயோ போடுறோம். யார் போடுறதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுறதில்ல. சின்ன வயசுல அந்தச் சாக்கைத் தூக்கிட்டுப் போன பிள்ளைகள்ல நானும் ஒருத்தி.

இதுக்கு ஒரே மருந்து கருத்தடை சத்திரசிகிச்சை. அதைத் தனியார் மிருக வைத்தியரிடம் செய்யணும்னா கொழுந்து பறிக்கிற அம்மா எத்தனை நாள் பேர் போடணும்? 2024 செப்டெம்பரில் அறிவித்தபோது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவா இருந்துச்சு. இந்த இடத்துல "வழியில்ல"ங்கிறது உண்மை. ஆனா உண்மைன்னா அதோட முடிச்சிரலாமா? வழி இல்லைன்னா வழி கேட்கணும்.

நீர்வெறுப்பு நோய், நாம விசர்நாய்க்கடின்னு சொல்றது, பூனைக் கடியாலும் கீறலாலும் வரும். வந்துட்டா கிட்டத்தட்ட சாவுதான். கடிச்ச இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு, உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போகணும். பூனைக்கு ஊசி போடுறது மனுசரைக் காப்பாத்துற வேலையும்தான். அதனால "மனுசரா பூனையா"ங்கிற கேள்வியே பிழை.

ஊவா மாகாணத்தின் கால்நடைத் திணைக்களத்துக்கு நாம வைக்க வேண்டிய கோரிக்கை சின்னது. வருசத்துக்கு ரெண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமையில, ஒவ்வொரு தோட்டத்துக்கும் நடமாடும் முகாம் வரணும். நாயோட பூனைக்கும் ஊசியும் கருத்தடையும் இலவசமாகக் கிடைக்கணும். அறிவித்தல் தமிழில் இருக்கணும். பேராதனையில் மிருக வைத்திய பீடமும் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் இருக்கிற நாட்டில் இது நடக்காத காரியமில்ல. தோட்டத்து இளைஞர் கழகம் ஒன்று கடிதம் எழுதணும். தலைவர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது, ரோட்டோட சேர்த்து இதையும் கேட்கணும்.

சிரிப்பாங்க. சிரிக்கட்டும். 1907இல் வெள்ளைக்காரன் எழுதின மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல மிருகத்தைக் கொடுமைப்படுத்தினா அபராதம் 100 ரூபா. அதே ஆட்சிதான் நம்ம பூட்டன்மாருக்கு லயத்தைக் கட்டி, "இவங்களுக்கு இது போதும்"னு சொன்னது. "பூனைக்கு இது போதும்"னு நாம சொல்லும்போது அதே குரல்தான் நம்ம வாயில வருது. மனுசருக்கே வழியில்லைன்னு சொல்றவங்ககிட்ட நான் ஒண்ணு கேட்கிறேன்: பூனையைப் பட்டினி போட்டதால எந்த லயத்துக்கு இதுவரை புதுக்கூரை வந்திருக்கு?

அம்மாயி இப்ப இன்னொரு குட்டி எடுத்து வளர்க்குது. அடுத்த லீவுக்குப் போகும்போது குளிசை விசயத்தைச் சொல்லத்தான் போறேன். சொன்னா அழும். சொல்லாட்டி இன்னொரு பாதிக் குளிசை கரையும்.

உங்க வீட்டு அம்மாயிகிட்ட நீங்களும் சொல்லுங்க.