எழுதித் தரச் சொல்லுங்கள்!

"சித்த வைத்தியருக்கு மூளை ஆபரேஷன் டாக்டரைப் பத்தி என்ன பேச்சு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1980-ல் டாக்டர் டாண்டனுடன் சேர்ந்து பாடநூலாகவே தந்தார். 2003-ல் அவர் மறைந்தார், எழுத்து நிற்கிறது. எத்தனை கட்டுரை எழுதினார் என்பதல்ல கணக்கு. படித்தவர் எத்தனை பேருக்குக் கை திருந்தியது என்பதுதான்.

எங்கள் பக்கம்? வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் எத்தனையோ கைமுறைகள், 'பரம்பரை ரகசியம்' என்று தாத்தாவோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டன. குணமானதைச் சொல்வோம், மருந்து கேட்காததை எழுத மாட்டோம். பிறகு எப்படி வளரும்?

எந்த வைத்தியரிடம் போனாலும் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், அது நானாகவே இருந்தாலும், எழுந்து போய்விடுங்கள்!