காலங்கடந்த கைத்தட்டல்

"எங்கள் கோஷ்டியை அன்றைக்கு யாரும் மதிக்கவில்லையே!" என்று பழைய ரசிகர்கள் அங்கலாய்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த 'யாரும்' யாராம்?

கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் உண்டு. அங்கே 1977-இல் தோன்றியது 'டெமிக்ஸ்' என்ற பங்க் இசைக் கோஷ்டி. அவர்களுடைய 'நியூயார்க் சிட்டி' 1979-இல் இசைத்தட்டாக வந்தது. கோஷ்டி விரைவிலேயே கலைந்தது. அந்தப் பாட்டையே கனடாவின் தலைசிறந்த பாட்டென்று 'சார்ட்' பத்திரிகை வாசகர்கள் தேர்ந்தெடுத்தது 1996-இல். பாடிய கீத் விட்டேக்கர் காலமானதும் அதே வருஷம்தான்.

17 வருஷம் கழித்து மகுடம்! இதற்குப் பெயர் ரசனையா? தொலைந்துபோன தன் இளமைக்கு ரசிகன் கொடுக்கும் திவசம்.

நான் மட்டும் யோக்கியனா? செத்த எழுத்தாளனைப் புகழ்கிறேன். இருப்பவன் புத்தகத்தை இரவல் வாங்குகிறேன். நிஜமான அபிமானம் இருந்தால், இன்று பாடுகிறவனுக்கு இன்றே டிக்கெட் வாங்குவோம்.