ரூட்டுக்கு எந்த ஷெல்?

லினக்ஸில் பழகியவர்கள் ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, ரூட் கணக்கின் ஷெல்லை பாஷுக்கு மாற்றுவது. மாற்றிய அன்று ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில்கூட ஆகாது.

ஆனால் அங்கே பாஷ் அடிப்படை அமைப்பைச் சேர்ந்ததல்ல. தனித் தொகுப்பாக வந்து யூஎஸ்ஆர் லோக்கல் டைரக்டரிக்குள் உட்காருகிறது. அது தனிப் பார்ட்டிஷனாக இருந்து, வட்டுக் கோளாறால் மவுன்ட் ஆகாவிட்டால் பாஷும் இல்லை. அப்டேட்டின்போது அது நம்பியிருக்கும் லைப்ரரி ஒன்று காணாமல் போனாலும் அதே கதிதான். பாஸ்வேர்டு சரி, லாகின் மட்டும் நடக்காது. பழுதுபார்க்க வந்தவரே வாசலில் நிற்பார். சிங்கிள் யூசர் நிலையில் ஏற்றினால் எந்த ஷெல் வேண்டும் என்று கேட்கும். என்டர் தட்டினால் எஸ்எச் கிடைக்கும். அதற்குக் கன்சோல் கையில் இருக்க வேண்டும். சர்வர் வேறு ஊரில் இருந்தால்?

இன்னொரு குழப்பம்: ரூட்டின் ஷெல்லை மாற்றினால் ஸ்கிரிப்டுகளும் அந்த ஷெல்லில் ஓடும் என்ற எண்ணம். ஸ்கிரிப்டின் முதல் வரி எந்த ஷெல்லைச் சொல்கிறதோ அதில்தான் அது ஓடும். கிரானும் வேறு சொல்லாதவரை எஸ்எச்சைத்தான் கூப்பிடும். மாறுவது நாம் தட்டச்சு செய்யும் இடம் மட்டுமே.

நெடுங்காலம் அங்கே ரூட்டுக்கு சி ஷெல்தான். பெர்க்லியில் பில் ஜாய் எழுதியதன் வழிவந்தது. பிழைச் செய்தியை மட்டும் தனியே திருப்பிவிட அதில் நேரான வழி கிடையாது. போர்ன் ஷெல் பழக்கத்தில் 2 என்று போட்டு அம்புக்குறியிட்டால், 2-ஐக் கட்டளைக்கான சொல்லாக எடுத்துக்கொண்டு வெளியீட்டைக் கொண்டுபோய்விடும். 2023-இல் வந்த 14.0 பதிப்பில் ரூட்டின் ஷெல் எஸ்எச் ஆனது. தாமதம்தான், ஆனால் சரியான முடிவு.

பாஷ் இல்லாமல் கை ஓடாதவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் அதை வைத்துக்கொண்டு, எஸ்யூ கட்டளையோடு எம் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் போதும். ரூட் அதிகாரத்தோடு அவரவர் ஷெல்லே வரும். ரூட் என்பதைத் திருப்பிப் போட்ட டூர் என்ற இரண்டாம் கணக்கும் இதற்காகவே இருக்கிறது. அதிகாரம் ஒன்றே, ஷெல் மட்டும் வேறாக இருக்கலாம். பாஸ்வேர்டு வைக்கும்வரை அது பூட்டியே கிடக்கும். ஆகவே அந்த வேலையை முதலிலேயே முடித்துவிட வேண்டும்.