பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களின் சமூகத்திற்கு,

விற்க மனமின்றியும் வெயில் நாளில் வெளியே எடுக்கத் துணிவின்றியும் ஒரு பிரீமியர் பத்மினி காரை வைத்துக்கொண்டிருக்கும் சென்னைவாசி ஒருவனின் வணக்கம். அண்ணா சாலை சிக்னல்களில் நின்று நின்று போகும்போது எஞ்சின் சூடேறி ஆவி கக்குவதே அந்தக் காரின் வியாதி. பழங்கார்களுக்கென்றே பிரத்தியேகமாக நடப்பதாகப் பிரசித்தி பெற்ற ஒரு பட்டறையின் குளிர்சாதன அறையையும், சுவர் நிறைய மாட்டியிருந்த ராலி வண்டிப் படங்களையும் கண்டு நம்பிக்கை மிகுந்து, அதை அங்கே ஒப்படைத்தேன்.

பானெட்டைத் திறக்குமுன்பே, ரேடியேட்டர் போய்விட்டதென்று நிபுணர் தீர்ப்புக் கூறிவிட்டார். பித்தளையும் செம்புமாகச் செய்யப்பட்டு, ஒழுகினாலும் ஈயம் வைத்து அடைத்துக்கொள்ளக்கூடியதாய், ஆனால் ஒரு சொட்டும் ஒழுகாமலே இருந்த அந்த ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தில் புதிதொன்றை மாட்டி, “ரேடியேட்டர் வேலை, இதர” என்ற ஒரே வரிக்கு எதிரே என் ஒரு மாதப் பென்ஷனை விழுங்கும் தொகையைப் போட்டு பில்லை நீட்டினார்கள். பழையது எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் காயலான் கடைக்குப் போயிடுச்சு சார்” என்று பதில் வந்தது. பித்தளையும் செம்பும் என்ன விலைக்குப் போகின்றன என்பதைப் புதுப்பேட்டையில் எந்தக் கடையில் விசாரித்தாலும் சொல்வார்கள்.

கார் மறுபடியும் ஆவி கக்கிற்று. எங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் தொழில் செய்யும் மெக்கானிக், எஞ்சினின் தலைப்பக்கத்திலிருந்து தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, எங்கள் வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் போட்டார். ஏறக்குறைய 80 டிகிரிச் சூட்டிலேயே உள்ளிருக்கும் மெழுகு விரிந்து தாராளமாகத் திறக்க வேண்டிய அந்த வால்வு, நீர் தளதளவென்று கொதித்தும் ஒரு நூல் நுழையுமளவே வாய் திறந்தது. எஞ்சினின் வெந்நீர் ரேடியேட்டருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவே வழியில்லாதபோது, அதை அலுமினியத்தில் செய்தாலென்ன, பொன்னில் செய்தாலென்ன? (மரத்தடி மெக்கானிக் தர்மபுத்திரர் என்று நான் சாதிக்க வரவில்லை, சொன்ன நாளில் வேலை முடித்ததாக அவருக்குச் சரித்திரமே கிடையாது.)

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை என்பதும், மனுச்செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டென்பதும் நான் அறிந்தவைதாம். ஆனால் பழைய ரேடியேட்டர் நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு ஒரே அத்தாட்சி அந்த ரேடியேட்டரே. பிரதிவாதியே அதை எடைக்குப் போட்டுவிட்ட பிறகு, வழக்குக்கு எதை ஆதாரமாகக் கொண்டு செல்வேன்? ஓட்டுகிறவனைப் பரீட்சித்து உரிமம் கொடுத்து, 15 வருஷம் கழிந்த சொந்தக் காரையும் மறுபதிவுக்காக ஆய்வாளர் முன் நிறுத்தச் செய்யும் தங்கள் இலாகா, அதே காரின் பிரேக்கையும் எஞ்சினையும் பிரித்துப்போடுகிறவர் விஷயத்தில் மட்டும் மௌனம் சாதிக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1971-லேயே மோட்டார் பழுதுபார்ப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றிவிட்டார்கள். உத்தேசச் செலவை முன்கூட்டித் தெரிவித்து வாடிக்கைக்காரரின் சம்மதம் பெற வேண்டும் என்பதும், வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டிருந்தால் கழற்றிய சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் அங்கே பட்டறைக்காரரின் தயவைப் பொறுத்தவை அல்ல.

இவ்விரண்டையும் இங்கும் விதியாக்குமாறு அரசுக்குத் தாங்கள் சிபாரிசு செய்ய வேண்டும் என்பதே என் விக்ஞாபனம். சின்னப் பட்டறைகளுக்கு இது பாரமாகும் என்று ஆட்சேபம் எழக்கூடும். உதிரிபாகக் கடையின் பழைய ரசீதுக்குப் பின்புறம் நாலு வரி எழுதிக் கொடுப்பதும், கழற்றியதை ஒரு சாக்கில் போட்டு டிக்கியில் வைத்துவிடுவதும் மரத்தடியிலும் செய்யக்கூடிய காரியங்களே. கம்ப்யூட்டரில் பில் அடிக்கும் பெரிய நிலையங்களுக்கு இதில் என்ன சிரமம் இருக்க முடியும் என்பதை அவர்களைக் கூட்டி வைத்துத் தாங்களே கேட்டறியலாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பத்மினி சொந்தக்காரன்