நாடி பிடித்தால் பிரஷர் தெரியாது

கர்ப்பகாலத்துக்கு அக்குபஞ்சர் ஒன்றே போதும். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இரும்புக் குளிசையும் உடம்பின் இயற்கையைக் கெடுக்கும். நாடியைத் தொட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன குறை என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டு 'ஹீலர்'கள் சிலர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாதத்தின் சாரம் இதுதான். காணொளிக்குக் கடல் தடையில்லை. தமிழ் கேட்கும் பிள்ளைத்தாச்சி எங்கே இருந்தாலும் அது அவளுடைய கைபேசிக்கு வந்துவிடுகிறது.

மன்னார் மாவட்டத்து அரிப்பு போன்ற ஊரில் இந்தப் பேச்சை நம்புவது கொழும்பில் நம்புவதைவிட ஆபத்தானது. பக்கத்தில் சிலாவத்துறை வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் சிக்கல் முற்றினால் அருவி ஆற்றைக் கடந்து, தாம்போதி வழியாகத் தீவுக்குள் இருக்கும் மன்னார் பொது வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் அந்தத் தூரத்துக்கு உள்ள ஒரே மாற்று.

முதலில், ஹீலர்கள் அடிக்கடி தூக்கிக் காட்டும் சான்று: உலக சுகாதார நிறுவனமே அக்குபஞ்சரை ஏற்றுக்கொண்டதாம். ஏற்றது உண்மைதான். 2016இல் அது வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டியில், ஆரம்ப மாதங்களின் ஓங்காளத்துக்கு இஞ்சி, விற்றமின் பி6 ஆகியவற்றோடு அக்குபஞ்சரும் இருக்கிறது. இடுப்பு நோவுக்கும் முதுகு நோவுக்கும் உடற்பயிற்சியோடு சேர்த்து ஒரு தெரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே வழிகாட்டி குறைந்தது எட்டுத் தடவை கர்ப்பிணியைப் பார்க்கவேண்டும் என்கிறது. தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கச் சொல்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக் காட்டுவது நேர்மையல்ல.

அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளும் அளவாகத்தான் பேசுகின்றன. 2002இல் வெளியான அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் ஆய்வில் 593 கர்ப்பிணிகள் பங்கெடுத்தார்கள். முறையான அக்குபஞ்சர் பெற்றவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஓங்காளம் குறைந்தது. போலி ஊசி பெற்றவர்களுக்கும் மூன்றாம் வாரத்தில் குறைந்தது. சத்தியில் மட்டும் குழுக்களுக்கிடையே வித்தியாசம் இல்லை. சுவீடனில் 386 பெண்களிடம் நடந்த ஆய்வு (2005), வழக்கமான சிகிச்சையோடு அக்குபஞ்சரையும் சேர்த்தால் இடுப்பு நோவு நன்றாகத் தணிகிறது என்றது. மூன்று ஆண்டு கழித்து அதே குழுவினர் தோலைத் துளைக்காத போலி ஊசியோடு ஒப்பிட்டார்கள். நோவில் வித்தியாசம் இல்லை. அன்றாட வேலைகளைச் செய்வது மட்டும் உண்மையான ஊசி பெற்றவர்களுக்குச் சற்று இலகுவாக இருந்தது. மனச்சோர்வுள்ள 150 கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் குழு நடத்திய ஆய்விலும் (2010) நம்பிக்கை தரும் பலன் கிடைத்தது. இடுப்பு நோவோடு வலையும் சமையலும் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இந்தச் சிறு ஆறுதல் பெரியதுதான். அதை யாரும் பறிக்கவேண்டியதில்லை. ஆனால் இந்த ஆய்வுகளில் ஒன்றுகூட, கிளினிக்குக்குப் போகாதே என்று சொல்லவில்லை.

பிள்ளை தலைகீழாகத் திரும்பாவிட்டால் திருப்பிவிடலாம் என்பது அடுத்த வாதம். சீனாவின் ஜியாங்ஸி மாகாணத்தில் 260 பெண்களிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், கால்விரலருகே உள்ள அக்குபஞ்சர் புள்ளியில் மூலிகைச் சூடு காட்டியபின் 75 வீதமான பிள்ளைகள் 35ஆம் வாரத்தில் தலை கீழாக இருந்தன. சூடு காட்டாத குழுவிலும் 48 வீதமான பிள்ளைகள் தாமாகவே திரும்பின. திரும்பியதா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்வது ஸ்கேன்.

நாடி எல்லாம் சொல்லும் என்ற வாதம்தான் உயிரைக் குடிப்பது. கர்ப்பகாலத்தில் ஏறும் இரத்த அழுத்தம் பல பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. கையில் பட்டியைச் சுற்றி பிரஷரை அளந்து, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். 2002இல் வெளியான மக்பை ஆய்வு 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. மக்னீசியம் சல்பேற் மருந்து வலிப்பு ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைத்ததை அது காட்டியது. இரத்தப் பரிசோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு சான்று உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் எடுத்த சில மில்லிலீற்றர் இரத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது.

அம்மம்மா வீட்டில்தானே பெற்றாள் என்பார்கள். பெற்றாள், அவளோடு பெற்ற பலர் செத்தும் போனார்கள். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது சுமார் 30. வீடுவீடாகப் போகும் குடும்பநல மருத்துவிச்சியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், இரத்த வங்கியும், மலேரியா ஒழிப்பும் சேர்ந்து செய்த வேலை அது. அக்குபஞ்சரின் தாய்நாடான சீனாவிலும் இன்று அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். இலங்கையில் அக்குபஞ்சரைப் பரப்பிய அன்ரன் ஜயசூரியவும் ஒரு வைத்தியர். களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் இருந்துதான் ஊசி போட்டார்.

ஆஸ்பத்திரியை நம்பமுடியவில்லையே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 ஜூலையில், பிள்ளை பெற்று வீடு திரும்பிய ஓர் இளம் தாய் இரத்தப்போக்கோடு மீண்டும் மன்னார் பொது வைத்தியசாலைக்குப் போய் அங்கே இறந்தார். நீதி கேட்டு மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அவர்கள் கேட்டது கவனமான வைத்தியம். ஊசியோ நாடியோ அந்த இரத்தப்போக்கை நிறுத்தியிருக்காது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் மேல் இரத்தம் ஓடுகிறது. அது வெளியே கொட்டத் தொடங்கினால் ஒட்சிரோசின் மருந்தும் இரத்தமும் சத்திரசிகிச்சையும்தான் காப்பாற்றும்.

வைத்தியத்தை விலக்கியதன் விலை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பதிவாகியிருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிள்ளை பெற்ற 28 வயது ஆசிரியை இரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைதானார். 2024 பெப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் இறந்தார்கள். கணவரோடு ஓர் அக்குபஞ்சர்காரரும் கைதானார்.

அரிப்பில் இடுப்பு நோவோடு இருக்கும் பெண் அக்குபஞ்சரை விரும்பினால், பதிவுபெற்ற வைத்தியரிடம், ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஊசியோடு செய்துகொள்ளலாம். அதை மருத்துவிச்சியிடமும் சொல்லவேண்டும். கிளினிக் அட்டையை மூடிவைக்கக் கூடாது. கடும் தலையிடி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தம் படுதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும், எந்த நேரமானாலும், 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.