ஆடித் தள்ளுபடியில் ஓர் அரண்மனை

ஆடி பிறந்துவிட்டால் ஈரோட்டுக் கடைவீதிகளில் தள்ளுபடி விளம்பரத் தட்டிகள் எழுந்து நிற்கும். காவிரிப் பாலத்துக்கு இக்கரையில், பள்ளிபாளையத்தில், அத்தட்டிகளை எவரும் வியந்து நோக்குவதில்லை. தறியோசையில் கண்விழித்து, தறியோசையிலேயே கண்ணயரும் ஊர் இது. தள்ளுபடி என்பதன் பொருளை இவ்வூர்ச் சிறுவனும் அறிவான். சரக்குத் தேங்கிவிட்டது என்பது அதன் முதற்பொருள். எங்கோ ஒரு தறி நிற்கப் போகிறது என்பது அதனுள் மறைந்து கிடக்கும் இரண்டாம் பொருள்.

இத்தகைய ஊரில் அண்மைக்காலமாக வேறோர் ஆடித் தள்ளுபடியைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. வரலாற்றுப் புகழ்வாய்ந்த நகரங்களில் உள்ள ஆடம்பர விடுதிகள், பயணியர் வரவு குறைந்த மாதங்களில் வாடகையைக் குறைத்து அழைக்கின்றன. அரண்மனைகளாக இருந்து விடுதிகளானவையும் அவற்றுள் உண்டு. உதயப்பூர் ஏரி நடுவே 18ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை 1963இல் விடுதியாயிற்று. மைசூரில் அரசப் பிரதிநிதியைத் தங்கவைப்பதற்காக 1921இல் எழுப்பப்பட்ட லலித மகால் 1974இல் விடுதியாயிற்று. ஐதராபாத்தின் பலக்நுமா 2010இல் விருந்தினர்க்குக் கதவு திறந்தது. முன்னர் மன்னர்க்கும் அவர்தம் விருந்தினர்க்கும் மட்டுமே உரியவாயிருந்த வாயில்களில், ஆடி மாதத்தில் ஒரு விசைத்தறி உரிமையாளரும் கல்லூரி ஆசிரியரும் பெட்டியுடன் நுழைய முடிகின்றது. இது வரவேற்கத்தக்கதா, வருந்தத்தக்கதா? இவ்வினாவைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துணியும் அறையும்

துணிக்கடையின் தள்ளுபடிக்கும் விடுதியின் தள்ளுபடிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இன்று விற்காத வேட்டியை நாளை விற்கலாம், தைக்கு எடுத்துவைக்கலாம். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க இயலாது. அந்த இரவு போனது போனதுதான். அறை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் தோட்டத்துக்கு நீர் விட வேண்டும். விளக்கு எரிய வேண்டும். ஊழியர்க்கு ஊதியம் தர வேண்டும். எனவே, சும்மா கிடப்பதினும் குறைந்த விலைக்குப் போவதே மேல் என்று விடுதியார் கணக்கிடுகின்றனர். இது கருணை அன்று, வணிகம். அதில் பழிக்கத்தக்கது ஏதுமில்லை.

பருவங்களும் ஊருக்கு ஊர் மாறுபடும். இராசத்தானத்துக்குப் பயணியர் திரள்வது அக்டோபர் முதல் மார்ச் வரை. மைசூருக்குத் தசராக் காலமே உச்சம். நம்மவரோ கோடை விடுமுறையில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஒருசேரப் படையெடுக்கின்றனர். அந்நெரிசல் தாங்காமல், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் அவ்விரு மலைகளுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு மின்னணு அனுமதிச்சீட்டு முறையே கொண்டுவரப்பட்டது. விலை உயர்ந்திருக்கும்போது நெரிசலுக்குள் போய்த் திண்டாடுவதைவிட, விலை தாழ்ந்திருக்கும்போது வரலாற்று நகரொன்றை அமைதியாகக் காண்பது அறிவுடைமை என்பதில் எமக்கு ஐயமில்லை.

எமது ஐயம் வேறு. அதற்கு வித்திட்டவர் எம் பழைய மாணவர் ஒருவர்.

மழை, ஐயா

அவர் குடும்பம் விசைத்தறித் தொழிலில் முன்னுக்கு வந்த குடும்பம். ஓர் ஆடியில் மைசூரில் ஆடம்பர விடுதியொன்றில் இரண்டு நாள் தங்கித் திரும்பினார். அலைபேசியில் படங்களைக் காட்டினார். கட்டில், குளியல் தொட்டி, நீச்சற்குளம், காலை உணவு மேசை. வரிசையாகப் பார்த்து முடித்தபின், "சீரங்கப்பட்டணம் எப்படி இருந்தது?" என்று வினவினோம்.

"மழை, ஐயா. வெளியே போகவில்லை. அறைக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாது அல்லவா?" என்றார்.

அவ்விடை எம்மை உறுத்தியது. சீரங்கப்பட்டணம் நமக்கு யாரோ ஒருவர் ஊர் அன்று. பள்ளிபாளையம் பாலத்தடியில் ஓடும் காவிரி, அத்தீவை இருபுறமும் தழுவிய பின்னரே மேட்டூர் வழியாக நம்மிடம் வருகின்றது. 1792இல் அங்குச் செய்துகொண்ட உடன்படிக்கையால்தான் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறின. அன்று சேலத்தோடு சேர்ந்திருந்த நம் நாமக்கல் பகுதி, தனி மாவட்டமானது 1997இல்தான். நமக்கு அண்மையிலுள்ள சங்ககிரிக் கோட்டையில் 1805இல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று நினைவுகூர்கிறோம். அவரது வீர வரலாற்றை மைசூர்ப் போர்களை விட்டுப் பிரித்துச் சொல்ல இயலாது. இவ்வளவு உறவுடைய ஊரின் வாயில்வரை சென்றவர், மெத்தையை மட்டும் கண்டு மீண்டார். காசு வீணாகவில்லை, பயணம் வீணாயிற்று.

எமது கதை

பிறரைக் குறைகூறுதல் எளிது. ஆகவே எம் கதையையும் ஒளிக்காமல் உரைப்பதே முறை. மறு ஆண்டு ஆடியில், ஆறு மாதச் சேமிப்பைக் கொண்டு, யாமும் எம் இல்லத்தாரும் எம் அன்னையாரும் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மைசூர் சேர்ந்தோம். பழைய மாளிகை போன்ற விடுதியொன்றில், வழக்கமான வாடகையில் ஏறத்தாழப் பாதிக்கு அறை கிடைத்தது. தம் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தார் சுற்றியே கழித்த எம் அன்னையார், அறைக்குள் நுழைந்ததும் படுக்கை விரிப்பின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "நெருக்கமா ஓட்டியிருக்காங்க. ஓட்டுனது எந்த ஊரு ஆளோ?" என்றார். அவ்வறையில் கேட்கத்தக்க வினா அது ஒன்றே என்று இன்று தோன்றுகிறது.

மறுநாட் காலை தூறலில், விடுதி வாயிலருகே ஒரு குதிரைவண்டி நின்றது. ஊரைச் சுற்றிக்காட்ட வண்டிக்காரர் 600 ரூபாய் கேட்டார். யாம் பேரம் பேசி 350 ரூபாய்க்கு இறக்கினோம். அவர் மறுக்கவில்லை. வண்டி நகர்ந்தபின், தமிழும் உருதும் கலந்த பேச்சில், "இந்த மாசத்துல யாரும் வர்றதில்ல, பாய். ஆனா குதிரைக்குத் தீனியில தள்ளுபடி கிடையாதே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். 1897இல் தீக்கிரையான பழைய அரண்மனைக்கு ஈடாக 1912இல் கட்டி முடிக்கப்பட்ட பேரரண்மனையைச் சுற்றி, எந்த வாயிலில் எப்போது கூட்டம் குறையும் என்றெல்லாம் விளக்கி, எம் அன்னையாரைக் கைதாங்கி இறக்கியும் விட்டார்.

மாலையில் விடுதி முகப்பில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். ஒரு குவளை 280 ரூபாய். விலைப்பட்டியைக் கண்டும் வாய் திறவாமல் கொடுத்தோம். அப்போதுதான் உறைத்தது. பட்டியலில் அச்சிட்ட விலைக்கு முன் அடங்கிப்போன யாம், ஒரு மனிதர் வாயால் கேட்ட கூலியை மட்டும் வெட்டியிருக்கிறோம். தறிக்கூலியை அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வணிகரைக் கண்டு கொதித்த தெருவில் பிறந்தவர் யாம்! மறுநாள் அவரைத் தேடினோம், காணவில்லை. அந்த 250 ரூபாய் எம் கணக்கில் இன்றும் கடனாகவே நிற்கிறது.

ஆற்றுப்படை காட்டும் வழி

தமிழில் பயணத்துக்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையில் வாடி எதிர்வரும் கலைஞனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி கூறுவது அதன் அமைப்பு. இன்று "இந்த மாதம் போ, பாதி விலை" என்று நண்பர்க்கு நண்பர் சொல்வதும் ஒருவகை ஆற்றுப்படையே. ஆயினும் பழைய ஆற்றுப்படைகளில் அரண்மனை முடிவில்தான் வரும். அதற்கு முன் வழிநெடுக எயினர், ஆயர், உழவர், வலைஞர் என மக்கள் வருவர்; அவரவர் குடில், அவரவர் உணவு, அவரவர் விருந்தோம்பல் ஆகியவை வரும். பெரும்பாணாற்றுப்படையைப் பயின்ற மாணவர் இதனை நன்கறிவர். நாட்டையும் மக்களையும் கண்ட கண்களோடு அரண்மனையைக் காண வேண்டும் என்பதே அவ்வமைப்பின் உட்கிடை. இக்காலப் பயணியோ, ஊரைத் தாண்டி நேரே அரண்மனைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்.

தங்குமிடம் பற்றிய நம் மரபும் நினைக்கத்தக்கது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் அமைத்த முத்தாம்பாள் சத்திரம், சேர்சா பெருவழிகளில் நிறுவிய சராய்கள், நம் சமுதாயத்தின் முசாபர்கானாக்கள் ஆகியன வழிப்போக்கரின் பணப்பையைப் பாராமல் இடமளித்தவை. சகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். அந்த மரபில் வந்தவர், பணம் கொடுத்துத் தங்கும்போதும், தம்மைப் பேணுவோரின் உழைப்பை மறத்தல் ஆகாது.

இரண்டு மறுப்புகள்

"இது வீண்விரயம் அன்றோ?" எனப் பெரியோர் வினவலாம். வாடகைக் கடன் வாங்கிப் போனால் ஐயமின்றி வீண்விரயமே. பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை ஒதுக்கிப் போனாலும் அவ்வாறே. ஆனால், உழைத்துச் சேர்த்த பொருளில், தாயையும் மனைவியையும் ஒருமுறை மன்னர் மாடத்தில் அமர்த்திப் பார்ப்பது குற்றமாகாது. கோட்டை மதில்களைப் புறத்தே நின்று பார்க்கவே உரிமை பெற்றிருந்த குடிகளின் வழித்தோன்றல்கள் நாம்.

"காசு கொடுத்தோம், அறையில் கிடப்பதும் ஊரில் அலைவதும் எம் விருப்பம்" என இளையோர் கூறலாம். ஓய்வு மட்டும் வேண்டுமாயின் ஏற்காடு அருகிலேயே இருக்கிறது. வரலாற்று நகரின் பெயரால் விற்கப்படும் அறைக்கு விலை கூடுதலாக இருப்பது, வெளியே அவ்வரலாறு இருப்பதனால்தான். அதைக் காணாமல் திரும்புபவரே மெய்யாகப் பணத்தை இழந்தவர்.

செய்யத்தக்கன

போக விரும்புவோர்க்குச் சில சொற்கள். தள்ளுபடி வாடகையில் வரி சேர்ந்துள்ளதா எனக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7500 ரூபாய் வரையுள்ள அறைக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு; அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. வார இறுதியிலும் தொடர் விடுமுறையிலும் தள்ளுபடி மறைந்துவிடும். வாரத்தின் நடுநாள்களே ஏற்றவை. வரவு குறைந்த காலத்தில்தான் விடுதிகள் பலவும் பழுதுபார்க்கும் பணிகளை வைத்துக்கொள்ளும். ஆகவே எது மூடியிருக்கிறது என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளுங்கள். ஆக்ரா செல்வோர், தாசுமகால் வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர்க்குத் திறவாது என்பதை நினைவிற்கொள்க.

மழைக்குக் குடை எடுத்துச் செல்லுங்கள். சீரங்கப்பட்டணத்தில், 1784இல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில், 1780இல் நடந்த பொள்ளிலூர்ப் போரின் ஓவியம் இன்றும் உள்ளது. அவர் தம் பெற்றோர்க்கு எழுப்பிய கும்பஸ் உள்ளது. 1799 மே 4இல் வீழ்ந்த அவரும் அங்கேயே துயில்கிறார். அரங்கநாதர் கோயிலும் அவர் கட்டிய பள்ளிவாசலும் ஒரே கோட்டைக்குள் நிற்கின்றன. ஆடி மழையில், கூட்டமின்றி, இவற்றை நின்று நிதானித்துக் காணலாம். இந்த அமைதியே பருவமல்லாக் காலத்தின் மெய்யான தள்ளுபடி.

இறுதியாக ஒன்று. விடுதி குறைத்துக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை, அவ்வூரின் வழிகாட்டிக்கும் வண்டிக்காரர்க்கும் சிற்றுண்டிக் கடைக்கும் உரியதாக முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் கேட்ட நியாயக் கூலியை வெட்டாமல் கொடுங்கள். நம் தறி நிற்கும் மாதத்தில் நம்மிடம் பிறர் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும் என்று விழைகிறோமோ, அங்ஙனமே அவர்கள் வண்டி நிற்கும் மாதத்தில் நாமும் நடந்துகொள்வோமாக!

வரும் ஆடியில், இறைவன் நாடினால், யாம் மீண்டும் மைசூர் செல்ல எண்ணியுள்ளோம். இம்முறை எளிய விடுதியே போதும். அந்தக் குதிரைவண்டியைத் தேட வேண்டும்.