உறுப்பினர் இல்லை, யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர் இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏரிக்கால்வாயும் தூர்ந்து கிடக்கிறது. யாரிடம் முறையிடுவது?
– ஒரு வாசகர், ஆர்.கே.பேட்டை ஒன்றியம்

பதில்: 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. ஆனால் கடமை முடியவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால் ஆகியவை ஊராட்சியின் கட்டாயக் கடமைகள். உறுப்பினர் இருந்தாலும் அவர் தனியாகப் பணம் ஒதுக்க முடியாது. கூட்டத்தில் தீர்மானம்தான் வேண்டும். அவர்கள் இல்லாத காலத்தில் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரே பொறுப்பு.

ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்குள் என்றால் ஊராட்சி ஒன்றியத்திலும், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறையிலும் மனு கொடுங்கள். ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதவைத்து, பிறகே கையெழுத்திடுங்கள்.